பழமை விழைவு: ஒரு சீனச் சொல்லின் வரலாறு

சீன மொழியில் 'ஹாவ் கூ' என்றொரு தொடர் உண்டு. 'ஹாவ்' விழைதல், 'கூ' பழமை. ஆயின், விழையப்படும் பழமை யாது என்பதிற் காலந்தோறும் கருத்து வேறுபட்டே வந்துள்ளது.

கொன்பூசியஸ் (கி.மு. 551–479) தம்மைப் புதியன படைப்பவராகக் கருதினாரல்லர், பழமையை நம்பி விழைந்து, பெற்றதைப் பிறர்க்கு வழங்குபவராகவே கருதினார். அவர்தம் உரையாடற் றொகுப்பாகிய 'லுன் யூ' இதனை இத்தொடராலேயே குறிக்கும். அவர் விழைந்தது பண்டைக் கலமன்று; பண்டையோர் ஒழுகிய நெறி. 'கூ' என்னும் எழுத்து, 'பத்து', 'வாய்' என்னும் இரு குறிகளாலாயது என்றும், முன்னோர் மொழியை அறிதலைச் சுட்டுவது என்றும் கி.பி. 100 அளவில் எழுந்த 'சுவோவென்' அகராதி விளக்கும். இவ்விளக்கம் சொற்பிறப்புக்குப் பொருந்துமோ, பொருந்தாதோ. பழமை வாய்வழி வருவதென்று சீன அறிஞர் எண்ணியமைக்கு நல்ல சான்று.

சொங் மரபினர் காலத்தில் (960–1279) இவ்விழைவு நெறியினின்றும் பொருளுக்குப் பெயர்ந்தது. ஊயாங் சியூ (1007–1072) ஏறத்தாழ ஆயிரம் கல்வெட்டு மைப்படிகளைத் திரட்டினார். வரலாற்று நூல்களின் வழுக்களைக் கல்லெழுத்தைக் கொண்டு திருத்தலாம் என்பது அவர் துணிபு. 1092இல் லூ தாலின் பண்டைக் கலங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றைப் படமாக வரைந்து, 'காவ் கூ து' என நூலாக்கினார். 'காவ் கூ' என்பது பழமையை ஆராய்தல். இன்று தொல்லியலுக்குச் சீனர் வழங்கும் பெயரும் அதுவே.

இவ்விழைவின் விலையை அறிந்தவர் சாவ் மிங்செங்கும், அவர் மனைவியாரான பெரும்புலவர் லீ சிங்சாவும் ஆவர். மணமான புதிதிற் கணவர் ஆடையை அடகுவைத்து மைப்படி வாங்குவார். உடன் சிறிது பழமும் வாங்கி வருவார். காலப்போக்கில் ஈராயிரம் கல்லெழுத்துக்களும் கலவெழுத்துக்களும் சேர்ந்தன. 1127இல் வடபுலம் சூர்ச்சென் படையினர் வசமாயிற்று. பதினைந்து வண்டி நூல்கள் தெற்கே சென்றன. பத்துக்கு மேற்பட்ட அறைகளிற் பூட்டிவைத்தவை எரிந்து சாம்பராயின. 1129இற் பிரிந்து செல்லுங்கால், இடர் நேரின் எதை முதலிற் கைவிடுவது, எதை அடுத்துக் கைவிடுவது என்று முறைப்படுத்திக் கூறிய கணவர், வழிபாட்டுக் கலங்களை மட்டும் உயிரோடு ஒன்றாகக் காக்குமாறு பணித்தார். இரு திங்களில் அவர் நோயுற்று மாண்டார். எஞ்சியவற்றுட் பெரும்பகுதி போரிலும் களவிலும் போயிற்று.

கணவர் தொகுத்த 'சின் ஷி லூ' என்னும் நூலுக்கு லீ சிங்சாவ் எழுதிய பின்னுரை இவற்றையெல்லாம் கூறும். பிற்காலத்துப் பழமை விழைவோர்க்கு எச்சரிக்கையாகுமாறு இவ்வரலாற்றை முதலும் முடிவும் எழுதியதாக அவர் அதனை முடிக்கின்றார். அவ்விறுதித் தொடரில் அவர் ஆண்ட சொல், கொன்பூசியஸ் ஆண்ட அதே 'ஹாவ் கூ'.