படி, இல்லன்னா கிளம்பு!

பழைய ஸ்கூல் கேட், யூனிஃபார்ம் பேட்ஜ் இதிலெல்லாம் புரியாத மொழியில் ரெண்டு மூணு வார்த்தை இருக்கும், கவனிச்சிருப்பீங்க. பெரும்பாலும் லத்தீன். பார்த்ததும் ஏதோ பெரிய தத்துவம்னு தோணும். ஆனா சில நேரம் அது ஜோக், சில நேரம் மிரட்டல்.

முதல்ல ஜோக். இங்கிலாந்தில் வெர்னன்னு ஒரு பிரபு குடும்பம். அவங்க வாசகம் 'வெர்னோன் செம்பர் விரெட்'. அப்படியே படித்தால், 'வெர்னன் என்றும் செழிக்கும்'. முதல் வார்த்தையை 'வெர் நோன்' என்று பிரித்தால், 'வசந்தம் என்றும் செழிக்காது'. பெருமையும் எச்சரிக்கையும் ஒரே வரியில்! நம்ம காளமேகப் புலவர் பார்த்திருந்தா ரசிச்சிருப்பார். ஆன்ஸ்லோ குடும்பத்தோடது 'ஃபெஸ்டினா லென்டே', அதாவது 'மெதுவாக விரை'. பேரைப் பிரிச்சுப் பாருங்க: ஆன், ஸ்லோ. புரியுதா?

இந்தச் சிலேடை புரியணும்னா லத்தீன் தெரியணும். அதை அவங்க கத்துக்கிட்டது ஸ்கூல்ல. அங்கேதான் மிரட்டல்.

1382இல் தொடங்கியது இங்கிலாந்தின் வின்செஸ்டர் கல்லூரி. பேருதான் கல்லூரி, உண்மையில் பசங்க படிக்கிற ஸ்கூல். அங்கே 17ஆம் நூற்றாண்டு வகுப்புக்கூடத்தின் சுவரில் ஒரு லத்தீன் வரி இருக்கு. பொருள் இதுதான்: 'படி, இல்லையேல் வெளியேறு. மூன்றாவது வழி, அடி வாங்குவது.' கூடவே படங்களும் உண்டு. படிப்பவனுக்கு பிஷப்பின் கிரீடம், போகிறவனுக்கு வாளும் மைக்கூடும், மிச்சம் இருப்பவனுக்குப் பிரம்பு.

கொழும்பில் 1835இல் தொடங்கிய ராயல் கல்லூரியின் வாசகத்திலும் அதே முதல் ரெண்டு வழிதான்: 'டிஸ்கே அவுட் டிஸ்கேடே'. படி, இல்லையேல் வெளியேறு. பிரம்பு மட்டும் இல்லை. 'டிஸ்கே'ன்னா படி, 'டிஸ்கேடே'ன்னா வெளியேறு. நடுவுல ஒரே ஒரு அசைதான் வித்தியாசம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு உறுத்துது. பொறுப்பு முழுக்க மாணவன் தலையில. படிக்கலையா, போ. போகலையா, அடி வாங்கு. 'புரியலையா? வா, இன்னொரு தடவை சொல்லித் தர்றேன்' என்ற வழி அந்தச் சுவரில் இல்லவே இல்லை.

உங்க ஸ்கூல் பேட்ஜ்ல என்ன எழுதியிருந்தது? அர்த்தம் தேடிப் பாருங்க. அது மாணவர்களுக்கு மட்டும் சொன்னதா, சொல்லித் தர்றவங்களுக்கும் சேர்த்துச் சொன்னதா? யோசிச்சுட்டு வாங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.