வெற்றிடத்தில் பிறந்த பொம்மையும் வாவிக்கரைப் பாவையும்

பத்திரிகையின் பக்கம் கட்டும் வேளையில் ஒரு மூலையில் வெற்றிடம் விழுந்துவிட்டால் ஆசிரியபீடம் படும் பாட்டை அத்தொழிலில் இருந்தவர்கள் நன்கறிவர். உலகப் புகழ்பெற்ற அலங்காரப் பொம்மையொன்றின் வரலாறு அத்தகைய வெற்றிடத்திலேதான் தொடங்குகிறது. 1952 ஜூன் 24 ஆம் திகதி ஜேர்மனியில் 'பில்ட்' நாளிதழின் முதலாவது இதழ் வெளிவந்தது. அதில் எஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக ரைன்ஹார்ட் பொய்தின் என்னும் ஓவியர் வரைந்த கேலிச்சித்திரப் பெண்ணே 'லில்லி'. வாசகர்கள் விரும்பவே அவள் தொடர்ந்தாள். 1955 இல் பொம்மையாகவும் கடைக்கு வந்தாள்.

மறு ஆண்டு சுவிற்சர்லாந்தில் அப்பொம்மையைக் கண்டவர் ரூத் ஹாண்ட்லர். அமெரிக்காவின் மட்டெல் நிறுவனத்தைத் தொடங்கியோரில் ஒருவர் அவர். 1959 மார்ச் 9 ஆம் திகதி நியூயோர்க் விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் அவர் அறிமுகஞ் செய்த 'பார்பி' லில்லியின் சாயலையே கொண்டிருந்தது. யப்பானில் செய்யப்பட்டு, 3 டொலர் விலையிட்டு விற்கப்பட்ட அப்பொம்மை முதலாண்டிலேயே ஏறத்தாழ 3 இலட்சம் விற்பனையாயிற்று. லில்லியின் உரிமையை மட்டெல் விலைக்கு வாங்கியது 1964 இல்தான்.

கலைஞர்கள் இப்பொம்மையை விட்டுவைக்கவில்லை. 1986 இல் அன்டி வார்ஹோல் அதன் முகத்தை ஓவியமாக்கினார். 1993 இல் அமெரிக்கக் கலகக் கலைஞர் குழுவொன்று, பேசும் பார்பியின் குரற் பெட்டியைப் போர்வீரன் பொம்மைக்கும், போர்வீரனின் குரலைப் பார்பிக்கும் மாற்றிவைத்துக் கடைகளில் மீண்டும் அடுக்கிவிட்டது. ரொம் போர்சைத் என்ற புகைப்படக் கலைஞர் சமையற் கருவிகளுக்கிடையே பார்பியை வைத்துப் படமெடுத்தார். மட்டெல் 1999 இல் அவர்மீது வழக்குத் தொடுத்துத் தோற்றது. 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கலைஞர் பக்கமே நின்றது. ஒரு வடிவத்தை உருவாக்கியவர் அதன் உரிமையாளராகலாம். அதைக் கேலி செய்யும் உரிமையை அவரால் தடுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இனி மட்டக்களப்பு வாவிக்கு வருவோம்.

ஈழத்தமிழில் பொம்மைக்குப் 'பாவைப்பிள்ளை' என்றொரு பெயருண்டு. பாவையும் அவளே, பிள்ளையும் அவளே. வாவியின் இருகரையான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெண்ணுருவை அலங்கரிக்கும் மரபு சிறுவர் விளையாட்டோடு முடிவதில்லை. செட்டிபாளையம், காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் முதலான ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கதவு திறக்கப்படும். அம்மனின் முகக்களையைக் கும்பத்தில் பொருத்திச் சேலையுடுத்தி, மாலை சூட்டுவர். கண்ணகி வழக்குரை பாடப்பெறும். குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். அந்த முகத்துக்குத் தனியொருவர் உரிமை கொண்டாடுவதில்லை. சடங்கின் கடமைகள் குடி முறைப்படி ஊராரிடையே பங்கிடப்பட்டவை.

இன்னொரு ஒப்புமையும் உண்டு. 1962 இல் பார்பிக்கு ஒரு சொந்த வீட்டை மட்டெல் அளித்தது. மணமாகாத பெண்ணுக்குத் தனிவீடு என்று அமெரிக்கர்கள் அதைப் புதுமையாகப் பேசுவர். மட்டக்களப்பிலோ வீடு மகளுக்கென்பது பழைய வழக்கம். குடி தாய்வழியே தொடரும்; மணமானபின் மணமகன் பெண்வீட்டுக்கே செல்வான்.

அதே மண்ணில் 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது, வீட்டோடு பாவைப்பிள்ளைகளையும் விட்டு ஓடிய சிறுமிகள் எத்தனை பேர்! தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வளர்ந்த காலம் அது. 1996 இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் மூலவர்கள். இரு சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாயிருந்து களிமண் பிசைந்தனர், வண்ணந் தீட்டினர், கதை புனைந்தனர், பொம்மலாட்டம் ஆடினர். கடையில் வாங்கிய பொம்மைக்கு முகம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். தானே பிசைந்த பொம்மைக்கு முகத்தைக் கொடுப்பது பிள்ளை. வாய்திறந்து சொல்ல முடியாததைப் பொம்மையின் வாயால் சொல்லலாம் என்பதே அப்பூங்காவின் பெறுமதி.

1993 முதல் மட்டக்களப்பில் இயங்கத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். அதனோடு இணைந்து பணியாற்றிய ஓவியர் வாசுகி ஜெய்சங்கர், பெண்ணின் உடலையும் வாழ்வையும் தம் ஓவியங்களின் கருப்பொருளாக்கினார். அலங்காரப் பொம்மையை உடைத்துப் பார்த்த மேலைக் கலைஞர்கள் கேட்ட கேள்வியும் இதுவே: பெண்ணின் வடிவத்தை யார் தீர்மானிப்பது?

பார்பியைப் பற்றி 2023 இல் வந்த திரைப்படம் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அந்தப் பொம்மையின் சட்டைகளுக்குங்கூடப் பதிவுகள் உண்டு. நம் முகக்களைகளுக்கும், பழஞ்சேலைத் துண்டில் அம்மம்மா தைத்த பாவைப்பிள்ளைகளுக்கும் அப்படியொரு பதிவு நம்மிடம் உண்டா? கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. காண்பியக் கலை பயிலும் மாணவர்களும் இருக்கிறார்கள். கோயிலாரின் இசைவோடும் ஊர்ப் பெண்களின் துணையோடும் இப்பணியை அவர்கள் தொடங்கலாம். தைக்கத் தெரிந்த கைகள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.