மோட்டார் இல்லத்தின் வெப்பநிலைக் கட்டுப்பாடு

மோட்டார் இல்லம் என்பது படுக்கை, சமையலறை, குளியலறை ஆகிய வசதிகளைத் தன்னுள் கொண்ட தானுந்து ஆகும். அதன் உட்புறத்தைச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ வைத்திருக்கும் கருவிகள் எந்திரம், மின்கலம், வெளி மின்னிணைப்பு, எரிவளி ஆகிய நான்கு ஆற்றல் மூலங்களைச் சார்ந்து இயங்குகின்றன. எந்தக் கருவி எந்த மூலத்தைச் சார்ந்துள்ளது என்பதை அறிவதே இக்கட்டுப்பாடுகளைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படையாகும். வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் அமைப்பு கீழே விவரிக்கப்படுகிறது.

இரு தொகுதிகள்

மோட்டார் இல்லத்தில் ஒன்றையொன்று சாராத இரு தொகுதிகள் உள்ளன. முதலாவது, ஓட்டுநர் பகுதிக்கானது. இது சாதாரண மகிழுந்தில் உள்ளதைப் போன்றதே. எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்மத்தின் வெப்பம் சூடேற்றவும், எந்திரத்தால் சுழற்றப்படும் கம்பிரசர் குளிரூட்டவும் பயன்படுகின்றன. எந்திரம் நின்றால் இத்தொகுதியும் பயனற்றதாகிறது.

இரண்டாவது, வாழும் பகுதிக்கானது. இதில் புரொப்பேன் எரிவளியால் இயங்கும் சூடேற்றியும், கூரையில் பொருத்தப்பட்ட 120 வோல்ட் குளிரூட்டியும் அடங்கும். சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைச் சீராக்கி இவ்விரண்டையும் கட்டுப்படுத்துகிறது. சீராக்கிக்குத் தேவையான 12 வோல்ட் மின்சாரம் வாழும் பகுதியின் மின்கலத்திலிருந்து கிடைக்கிறது. எனவே, வெளி மின்னிணைப்பு இருந்தாலும், 12 வோல்ட் மின்சாரம் தடைப்பட்டால் இச்சீராக்கியால் இயக்கப்படும் குளிரூட்டி இயங்காது.

சூடேற்றி செயற்படும் முறை

அறையின் வெப்பநிலை குறித்த அளவுக்குக் கீழே இறங்கும்போது சீராக்கி முதலில் சூடேற்றியின் விசிறியை இயக்குகிறது. போதிய காற்றோட்டம் உண்டானதை ஒரு சிறு சுவிட்சு உறுதிசெய்த பின்னரே எரிவளி வால்வு திறக்கிறது. அடுத்து மின்பொறி எரிவளியைப் பற்றவைக்கிறது. சுடர் தோன்றாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். பெரும்பாலான கருவிகள் மூன்று முறை முயன்றபின் தாமாகவே நின்றுவிடுகின்றன.

இதனால், கொள்கலன் நிறைய எரிவளி இருந்தும் சூடேற்றி எரியாமற் போகலாம். மின்கலம் வலுவிழந்தால் விசிறியின் வேகம் குறையும், காற்றோட்டச் சுவிட்சு மூடாது, வால்வும் திறக்காது. கடுங்குளிர் இரவுகளில் சூடேற்றி நின்றுபோவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். ஆகவே, எரிவளியின் அளவுடன் மின்கலத்தின் மின்னழுத்தத்தையும் பார்ப்பது அவசியம்.

சில கூரைக் குளிரூட்டிகள் வெப்ப எக்கியாகவும் செயற்படும். வெளிவெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியசுக்குக் கீழே சென்றால் இவற்றின் திறன் வெகுவாகக் குறைவதால், பல சீராக்கிகள் தாமாகவே எரிவளிச் சூடேற்றிக்கு மாறுகின்றன.

குளிரூட்டி

கூரைக் குளிரூட்டிகள் பெரும்பாலும் மணிக்கு 13,500 அல்லது 15,000 பி.டி.யு. திறன் கொண்டவை. ஒரு டன் என்பது 12,000 பி.டி.யு. ஆகும். கம்பிரசர் நின்றவுடன் மீண்டும் இயங்காமல் சில நிமிடங்கள் தாமதிப்பது பழுதன்று. உள்ளழுத்தம் சமநிலைப்படுவதற்கான ஏற்பாடாகும்.

விசிறியை 'ஆட்டோ' நிலையில் வைத்தால் அது கம்பிரசருடன் சேர்ந்து நிற்கும். 'ஆன்' நிலையில் அது இடைவிடாது சுழல்வதால், குளிர்ச்சுருளில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி அறையின் ஈரப்பதத்தைக் கூட்டும்.

30 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட் வரை மட்டுமே பெறலாம். ஒரு குளிரூட்டி மட்டுமே சுமார் 12 முதல் 16 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். அதனுடன் மின் நீர்ச்சூடேற்றியும் நுண்ணலை அடுப்பும் ஒருங்கே இயங்கினால் மின்தடுப்பான் இணைப்பைத் துண்டித்துவிடும். 50 ஆம்பியர் இணைப்பில் இரு 120 வோல்ட் கம்பிகள் இருப்பதால் 12,000 வாட் வரை கிடைக்கும்.

பாதுகாப்பு

சூடேற்றி எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து பெற்று, புகையையும் வெளியிலேயே விடுகிறது. பனியோ குளவிக்கூடோ இத்துளைகளை அடைத்தாலும், வெப்பமாற்றியில் விரிசல் விழுந்தாலும் ஆபத்து நேரும். ஜெனரேட்டரின் புகையும் உள்ளே நுழையக்கூடும். இவற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குபவர் அறியாமலே உயிரைப் பறிக்க வல்லது. சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடேற்றுவதும் இதே காரணத்தால் கூடாது.

புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. கசிந்தால் தரையருகே தேங்கும் என்பதால் அதன் உணர்கருவி தாழ்வாகப் பொருத்தப்படுகிறது. எச்சரிக்கை ஒலி எழுந்தால், மின் சுவிட்சுகளைத் தொடாமல் அனைவரும் வெளியேறி, கொள்கலனின் வால்வை வெளியிலிருந்து மூட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வெப்ப எக்கி
* நீர்மப் பெட்ரோலிய வளிமம்
* கார்பன் மோனாக்சைடு நச்சுமை