ஆரணியும் தலைமைப் பொறுப்பின் தொடர்ச்சியும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். ஆயினும் அதன் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் பயில்வோர்க்கு, ஒருவருடைய ஆயுளுக்குள் அடங்காத பொதுப் பொறுப்பை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் எவ்வாறு ஒப்படைப்பது என்னும் பழைய வினாவுக்கு நம்மவர் கண்ட விடைகள் யாவும் அவ்வூரின் சுற்றுப்புறத்திலேயே காணக் கிடைக்கும்.

முதல் விடை இரத்த உறவு. 17-ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தென்னாடு வந்த ஷாஹாஜி போன்ஸ்லே, சத்ரபதி சிவாஜியின் தந்தை, ஆரணியை வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவருக்கு ஜாகீராக வழங்கினார். 1751-இல் ராபர்ட் கிளைவ் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபை முறியடித்த போரையும், 1782-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய போரையும் கண்ட அந்த மண்ணில், ஆட்சிகள் மாறியபோதும் ஜாகீர் உரிமை தந்தை வழியில் மைந்தருக்குச் சென்றது. அடுத்தவர் யார் என்ற ஐயம் அம்முறையில் எழுவதில்லை. அவர் தகுதியுடையவரா என்று கேட்கவும் அதில் இடமில்லை.

இரண்டாவது விடை குருவின் தேர்வு. ஆரணியை அடுத்த சத்தியவிஜயநகரம், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உத்தராதி மடத்தின் பீடாதிபதியாக விளங்கிய ஸ்ரீ சத்தியவிஜய தீர்த்தரின் திருநாமம் தாங்கியது. அவருடைய பிருந்தாவனமும் அங்கேயே உள்ளது. அவருக்குப் பின் பீடம் ஸ்ரீ சத்தியப்பிரிய தீர்த்தரை அடைந்தது. பீடாதிபதி தகுதிவாய்ந்த சீடரைத் தாமே தெரிந்து, சாஸ்திரங்களில் பயிற்றுவித்து, சந்நியாசம் அளித்துப் பொறுப்பை ஒப்படைக்கும் இந்த மரபில், வாரிசு என்பவர் பயிற்சியால் உருவாகிறவர். ஆனால் அனைத்தும் ஒருவருடைய விவேகத்தையே நம்பி நிற்பதால் அபாயமும் உண்டு. மதுரை ஆதீனத்தில் 2012-ஆம் ஆண்டு இளைய சன்னிதானம் ஒருவர் நியமிக்கப்பட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டிலேயே அந்நியமனம் ரத்தானதை நாடறியும்.

மூன்றாவது விடை நெசவாளருடையது. செங்குந்தரும் சௌராஷ்டிரரும் பிறரும் தறியிட்ட இந்நிலப்பகுதியில், பட்டு நூலும் ஜரிகையும் கடனாகத் தந்து கூலியைத் தாமே நிர்ணயித்த முதலாளிகளின் பிடியிலிருந்து விடுபடும் மார்க்கமாக வந்தது கூட்டுறவு. 1904-ஆம் ஆண்டின் சட்டம் கடன் சங்கங்களுக்கும், 1912-ஆம் ஆண்டின் சட்டம் பிறவகைச் சங்கங்களுக்கும் வழிவகுத்தன. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாகாண நெசவாளர் சங்கம் 1935-இல் தோன்றியது. சங்கம் உறுப்பினர் அனைவருக்கும் சொந்தம், அதன் நிர்வாகிகளை உறுப்பினரே தேர்ந்தெடுப்பர் என்ற தத்துவம், குழித்தறியில் கால் புதைத்து உழைத்தவரையும் தலைமைக்கு உரியவராக்கியது.

இத்தகைய உயரிய தத்துவம் தமிழகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1976-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டுத் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்; கூட்டுறவுத் தேர்தல் மீண்டும் நடைபெற்றது 1996-இல்தான். கணக்கைக் காக்க அதிகாரியால் முடியும். கூட்டத்தை நடத்தவும், கொள்முதலில் பேரம் பேசவும், உறுப்பினரின் வழக்கைத் தீர்க்கவும் தெரிந்த மனிதர்களை வளர்ப்பது அவர் கடமையன்று. அந்த இருபது ஆண்டுகளில் ஒரு தலைமுறை நெசவாளர் தம் சங்கத்தை நிர்வகிக்கும் அனுபவமின்றியே முதுமையெய்தினர். 2013-இலும் 2018-இலும் நடந்த தேர்தல்களால்கூட, விட்டுப்போன அப்பயிற்சியை ஒரே நாளில் வழங்கிவிட இயலவில்லை.

பாவு தீரும் தறுவாயில், அச்சிலும் விழுதிலும் எஞ்சி நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழையைப் பிணைப்பது நெசவாளர் வழக்கம். பழையதை முற்றாக அறுத்துவிட்டால் ஒவ்வோர் இழையையும் மறுபடி விழுதிலும் அச்சிலும் கோத்தாக வேண்டும். தொழிலில் இத்தனை முன்யோசனை உடைய சமூகம் சங்கத்திலும் அதைக் கைக்கொள்ள வேண்டாமா? தலைவர் பதவியில் இருக்கும்போதே இளைஞர் இருவர் மூவரைத் தம்முடன் அமர்த்திக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் காட்டிப் பயிற்றுவித்தல், நூல் இழைத்துத் தரும் பெண்களை உறுப்பினராக்கி நிர்வாகக் குழுவுக்கும் கொண்டுவருதல், ஒருவரே பன்முறை பதவி வகிக்காது உரிய காலத்தில் விலகுதல் ஆகிய மூன்றும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

ஜாகீரின் நிச்சயமும், மடத்தின் பயிற்சியும், கூட்டுறவின் சம்மதமும் ஒன்றுசேரும் இடத்திலேயே பொதுநிறுவனம் தன் ஸ்தாபகரையும் கடந்து வாழும். நெசவாளர் பிள்ளைகள் தறியை விட்டு ஆலை வேலை தேடிச் செல்லும் இக்காலத்தில், சங்கத்தின் தலைமைக்குரியவரை இப்போதே உருவாக்குதல் ஆரணிப் பட்டின் எதிர்காலத்தைக் காக்கும் முதற்பணியாகும்.