பனிக்கடல் வழியும் சோழமண்டலக் கரையும்

ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்யக் கலாச்சார மையமும், சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் ரஷ்யத் துணைத் தூதரகமும் சென்னைவாசிகளுக்குத் திரைப்படக் காட்சிகளாலும் மொழி வகுப்புகளாலும் மருத்துவப் படிப்புக் கண்காட்சிகளாலுமே அறிமுகமானவை. ஆயினும் இந்நகருக்கும் அந்நாட்டுக்கும் இடையிலான உறவின் அடியில் கடல் வழி பற்றிய நெடிய கேள்வி ஒன்று கிடக்கிறது. அது சோவியத் காலத்துக்கும் முந்தியது. சென்னை என்னும் நகரம் தோன்றுவதற்கே முந்தியது.

பதினாறாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கிழக்கே வரும் வழி போர்த்துகீசியர் பிடியில் இருந்தமையால், ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஐரோப்பாவின் வட விளிம்பை ஒட்டி ஆசியாவை அடைய முயன்றனர். 1553-இல் புறப்பட்ட ஹியூ வில்லோபி தம் மாலுமிகளுடன் கோலா தீபகற்பக் கரையில் மடிந்தார். அவரிடமிருந்து பிரிந்துபோன ரிச்சர்ட் சான்சலர் வெண்கடலை அடைந்து மாஸ்கோ வரை சென்றதன் பயனாக, 1555-இல் மஸ்கோவி கம்பெனி உருவாயிற்று. டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் 1596-இல் தம் மூன்றாம் பயணத்தில் நோவயா செம்லியா தீவில் பனியில் சிக்கி, குளிர்காலம் முழுவதையும் மரக்குடில் ஒன்றில் கழித்துவிட்டு, 1597 ஜூனில் திரும்பும் வழியில் இறந்தார். அவர் பனியை எதிர்நோக்கிய அதே 1596-ஆம் ஆண்டில், தெற்கு வழியாக வந்த கோர்னெலிஸ் டி ஹௌட்மனின் கப்பல்கள் ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தன.

வடக்கு மூடியிருக்கிறது, தெற்கு திறந்திருக்கிறது என்பது இவ்வாறு உயிர்களை விலையாகக் கொடுத்து உறுதிப்பட்ட பிறகே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் அமைந்தது. அக்கம்பெனி பழவேற்காட்டில் காலூன்றி 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1639-இல் ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்றனர். வட வழி அன்று திறந்திருந்தால் ஐரோப்பியக் கப்பல்கள் முதலில் ஜப்பானையும் சீனத்தையும் தொட்டிருக்கும். இந்தோனேசியத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகத் துணி வாங்கும் இடமாகச் சோழமண்டலக் கரை பெற்ற முதன்மை அதே வடிவில் அமைந்திருக்குமா என்பது ஐயமே. இக்கரையின் நவீன வரலாற்றை எழுதுவோர் பருவக்காற்றுக்குத் தரும் இடத்தில் ஒரு சிறு பகுதியையேனும் பனிக்கும் தர வேண்டும்.

சுவீடனைச் சேர்ந்த நோர்டென்ஷோல்டு 1878-79-இல் வேகா என்னும் கப்பலில் அவ்வழியை முதன்முதலாக முழுமையாகக் கடந்தபோது அதன் வணிகத் தேவை பெரிதும் குறைந்திருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. அதனால் பெருகிய நீராவிக் கப்பல்களை ஏற்பதற்காகச் சென்னையில் 1875 முதல் செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டுவந்தது. பனிக்கடல் வழியை மீண்டும் கையில் எடுத்தது சோவியத் அரசு. அது 1932-இல் தனி நிர்வாகம் ஒன்றை நிறுவி, காரா கடலின் நுழைவாயிலிலிருந்து பெரிங் நீரிணை வரையிலான ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் நீர்ப்பரப்பை ‘வட கடல் வழி’ என ஒழுங்குபடுத்தியது. உறைந்த கடலைப் பிளந்து பிற கப்பல்களுக்குப் பாதை அமைக்கும் பனியுடைப்புக் கப்பல்களுள் அணுசக்தியால் இயங்கிய முதலாவதான ‘லெனின்’ 1959-இல் பணிக்கு வந்தது.

1967 மார்ச்சில் சோவியத் அரசு இவ்வழியை அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் திறப்பதாக அறிவித்தது. மூன்று மாதங்களில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டு சூயஸ் மூடப்பட்டது; 1975 வரை அது திறக்கவில்லை. கருங்கடலின் ஒடெஸ்ஸாவிலிருந்து இந்தியா வர வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டியிருந்த அந்த எட்டு ஆண்டுகளில் வட வழிக்கு நல்வாய்ப்பு இருந்தும், சோவியத் அரசு தன் அழைப்பைச் செயல்படுத்தவில்லை. சூயஸை இழந்த எகிப்தின் மனம் நோகும் என்னும் தயக்கமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 1991-இல்தான் அவ்வழி முறைப்படி அயல்நாட்டாருக்குத் திறந்தது.

ரஷ்யாவின் தூரக்கிழக்குத் துறைமுகமான விளாடிவோஸ்டோக்கையும் சென்னையையும் கடல் வழியே இணைப்பது பற்றி இந்தியாவும் ரஷ்யாவும் 2019 செப்டம்பரில் அந்நகரில் கையெழுத்திட்ட விருப்ப ஒப்பந்தத்தால் சென்னை இவ்வரலாற்றுக்குள் நேரடியாக வந்தது. சென்னை-விளாடிவோஸ்டோக் கடல் வழியின் நீளம் ஏறத்தாழ 5,600 கடல் மைல், அதாவது 10,300 கிலோமீட்டர். மும்பை-செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியோ 8,675 கடல் மைல். ஆகவே பதினாறு நாள்கள் வரை மிச்சமாகும் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. இக்கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. ஒப்பிடப்படும் இரு ரஷ்யத் துறைமுகங்களும் ஒரு பெரும் நாட்டின் எதிரெதிர் முனைகளில் உள்ளன; விளாடிவோஸ்டோக்கில் இறங்கும் சரக்கு மாஸ்கோவை அடைய இன்னும் 9,288 கிலோமீட்டர் ரயிலில் செல்ல வேண்டும். எனவே ரஷ்யாவின் தூரக்கிழக்கிலேயே விளைந்து அங்கேயே ஏற்றப்படும் நிலக்கரி, கச்சா எண்ணெய், மரம் ஆகியவற்றுக்கே இவ்வழி உண்மையில் ஆதாயம் தரும்.

வட கடல் வழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ராட்டர்டாமுக்கும் யோகஹாமாவுக்கும் இடையில் சூயஸ் வழியைவிட அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறுகியது. தெற்கே வர வர அந்த மிச்சம் தேய்ந்து, சிங்கப்பூருக்கு அருகில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 13 பாகை வட அகலக்கோட்டில் உள்ள சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு அவ்வழியே செல்வது சுற்றுப் பாதையாகும். சன்னிகோவ் போன்ற ஆழமற்ற நீரிணைகள் கப்பலின் அளவையும், குறுகிய கோடைப் பருவம் கால அட்டவணையையும், காப்பீட்டுக் கட்டணம் லாபத்தையும் கட்டுப்படுத்துகின்றன. 2024-க்குள் 8 கோடி டன் என்று 2018-இல் ரஷ்ய அரசு வகுத்த இலக்கில், 2024-இல் எட்டியது ஏறக்குறைய 3.8 கோடி டன்; சூயஸைக் கடந்த சரக்கோ 2023-இல் 150 கோடி டன்னுக்கும் மேல்.

ஆகவே இந்தியாவுக்கு இங்கே தூரத்தைவிடச் சரக்கும் சட்டமுமே முக்கியம். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 234-ஆம் பிரிவு, ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய பகுதிகளில் மாசு தடுப்புக்காகக் கரையோர நாடு தனி விதிகள் வகுக்க இடம் தருகிறது. அப்பிரிவையும் வரலாற்று உரிமையையும் காட்டி ரஷ்யா முன்னனுமதி கோருகிறது. நீரிணைகள் அனைவருக்கும் பொதுவானவை என்கிறது அமெரிக்கா. பாக் நீரிணைப் பகுதியை வரலாற்று உரிமையுள்ள கடலாகக் கருதும் இந்தியா இவ்விவாதத்தில் எளிதாக ஒரு பக்கம் சாய்ந்துவிட முடியாது. சங்கு குளித்தல் பற்றிய அன்னக்குமாரு பிள்ளை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வுரிமையை ஏற்றிருக்கிறது.

கூடங்குளத்தில் அணு உலைகளை அமைத்துத் தரும் ரஷ்ய அரசின் ரோசாட்டம் நிறுவனமே 2018 முதல் வட கடல் வழியையும் நிர்வகிக்கிறது என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. உலைக்கலன்களைத் தரும் நிறுவனமும் பனிக்கடலில் அனுமதியும் துணைக்கப்பலும் தரும் நிறுவனமும் ஒன்றாயிருக்கையில், ஒரு பேரத்தின் தாக்கம் மற்றதில் படியாதிருப்பது அரிது. வட கடல் வழி பற்றிய இருநாட்டுக் கூட்டுப் பணிக்குழு 2024 அக்டோபரில் முதன்முறையாகக் கூடியது. துருவக் கடலில் செல்லும் கப்பல்களுக்கு இந்திய மாலுமிகளைப் பயிற்றுவிக்கும் உடன்பாடு 2025 டிசம்பரில் கையெழுத்தாயிற்று. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையை அடுத்த உத்தண்டியில் இருப்பதால், துறைமுகத்துக்கு வரும் சரக்கைவிட முந்தி இந்நகருக்குக் கிடைக்கக்கூடியது அந்தப் பயிற்சியும் வேலைவாய்ப்புமே.