தாத்தாவின் தாத்தா ஒரு நீதிபதி

நத்தானியேல் ஹாதோர்ன் என்றால் நம்மில் பலருக்கு 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலும், பரீட்சையில் அதற்கு வரும் பதினைந்து மார்க் கேள்வியும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவருடைய குடும்பக் கதையைப் படிக்கும்வரை.

அவர் 1804-ல் சேலத்தில் பிறந்தார். (நம்ம சேலம் இல்லைங்க, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பது.) 1692-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட அதே ஊர். அந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை முதலில் விசாரித்தவர்களில் ஒருவர் ஜான் ஹாதோர்ன். பிறகு தண்டனை கொடுத்த நீதிமன்றத்திலும் அவர் உட்கார்ந்திருந்தார். நம் எழுத்தாளருடைய தாத்தாவின் தாத்தா அவர்தான்! அந்த நீதிபதிகளில் சாமுவேல் சீவெல் என்பவர் 1697-ல் தேவாலயத்தில் எழுந்து நின்று, தான் செய்தது தவறு என்று ஊரறிய ஏற்றுக்கொண்டார். ஜான் ஹாதோர்ன் அப்படி எதுவும் செய்யவில்லை. பேரனின் பேரன்தான், 'ஸ்கார்லெட் லெட்டர்' முன்னுரையில், முன்னோர்களுக்காக அந்த அவமானத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாக எழுதினார்.

இந்த பியூரிட்டன்கள், அதாவது தூய்மைவாதிகள், யார்? இங்கிலாந்தில் தங்கள் மனசாட்சிப்படி கடவுளை வணங்க முடியவில்லை என்று 1630 முதல் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி மாசசூசெட்ஸ் வந்தவர்கள். வந்த இடத்தில் அவர்கள் செய்தது என்ன? 1659-லிருந்து 1661-க்குள் பாஸ்டனில் நான்கு குவேக்கர்களைத் தூக்கில் போட்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் (1681 வரை இந்தச் சட்டம் இருந்தது). கள்ள உறவுக்குச் சட்டப்படி மரண தண்டனை. ஹாதோர்னின் நாயகி ஹெஸ்டர் ஏதோ தயவால்தான் உயிர் பிழைத்து, நெஞ்சில் சிவப்பு 'ஏ' எழுத்தோடு நடக்கிறாள்.

ஆனால் ஹாதோர்னைத் தொந்தரவு செய்தது தண்டனையின் கொடுமை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். 'ஒப்புக்கொள்' என்று ஓயாமல் கேட்கும் அந்தச் சமூகம்தான் அவரை அதிகம் உறுத்தியிருக்கிறது. 1692-ல் நடந்ததைப் பாருங்கள். நான் சூனியக்காரிதான் என்று பொய்யாக ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் தூக்குக்குத் தப்பினார்கள். மறுத்தவர்கள் கயிற்றில் தொங்கினார்கள்! நாவலில் வரும் பாதிரியார் டிம்ஸ்டேல் பிரசங்க மேடையிலேயே நான் மகா பாவி என்று சொல்கிறார். ஊர் நம்புகிறதா? அடடா, என்ன பணிவு என்று இன்னும் அதிகமாக வணங்குகிறது. அங்கே பொய் உயிரைக் காப்பாற்றியது, இங்கே உண்மை காதில் விழவே இல்லை.

சரி, எனக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். 1835-ல் வெளிவந்த அவருடைய சிறுகதை 'யங் குட்மேன் பிரவுன்'. ஓர் இளைஞன் இரவில் காட்டுக்குள் போகிறான். அங்கே சாத்தானின் கூட்டத்தில் தன் ஊரின் பெரிய மனிதர்களை எல்லாம் பார்க்கிறான். அந்தக் கூட்டத்தில் மார்த்தா கேரியர் என்ற பெயரும் வருகிறது. அது கற்பனைப் பெயர் இல்லை. கடைசிவரை குற்றத்தை மறுத்து, 1692 ஆகஸ்ட் 19-ல் தூக்கில் இறந்த நிஜப் பெண்மணி. ஜான் ஹாதோர்ன் இருந்த நீதிமன்றம்தான் அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. இவர் கதையில் மறுபடியும் அவரைச் சூனியக்காரி ஆக்கிவிட்டாரே!

முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று புரிந்தது. சேலம் வழக்குகளில் பெரிய சாட்சியமே, 'இவளுடைய ஆவி உருவம் வந்து என்னைக் கிள்ளியது' என்பது போன்ற பேச்சுதான். பார்த்ததாகச் சொன்னவரின் வாய்வார்த்தை தவிர வேறு ஆதாரம் கிடையாது. பிரவுன் பார்ப்பதும் அதே மாதிரிதான். அது கனவா என்று கதையே நம்மைக் கேட்கிறது. ஆனால் பிரவுன் தான் பார்த்ததை நம்பிவிடுகிறான். அதன்பிறகு மனைவி உட்பட யாரையும் நம்பாமல், சாகும்வரை சிரிக்காமல் வாழ்கிறான். ஆக, நம்மைக் குற்றம் சாட்டுபவனின் கண்ணுக்குள் உட்கார வைத்துத்தான் ஹாதோர்ன் கதை சொல்கிறார். தன் மூதாதையின் கண்ணும் அதுதானே?

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் வரலாறு தெரியாமல் அந்தக் கதையைப் படிப்பவருக்கு மார்த்தா கேரியர் ஒரு சூனியக்காரியாகத்தான் மனதில் நிற்பார். அந்தப் பெயரை மட்டும் அவர் மாற்றியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.