ஆடுகளத்தில் பிறப்புப் பார்த்தோர்

இடுக்கி மலையில் சக்குபள்ளம் போன்ற ஏலத்தோட்ட ஊர்களில் வாழும் தமிழர்க்கும், பிற மாநிலங்களில் குடியேறியோர்க்கும் ஆடுகளம் பலரோடு கலந்து பழகும் இடமாகும். அங்கும் பிறப்பைப் பார்த்து ஒருவரை ஒதுக்கினால் மற்ற ஆட்டக்காரர் என்ன செய்வர்? பம்பாய் கிரிக்கெட் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

பல்வங்கர் பாலு, தீண்டாமைக்கு ஆளான தோல் தொழிலாளர் குலத்தில் பிறந்தவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சில் வல்லவர். பூனாவில் உடன் ஆடியோர் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டனர். ஆனால் தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்கோப்பை! 1906இல் இந்து அணி பம்பாயில் ஐரோப்பியரை வென்றபோது அவர் பந்து வீச்சு பெருந்துணையாயிற்று. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் அணித்தலைமை அவருக்கு எட்டவில்லை. தடையாய் நின்றது திறமையன்று, சாதியே.

1920இல் பாலு அணியில் சேர்க்கப்படாதபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். அதன் பின்னரே குழுவினர் இறங்கி வந்தனர், பாலு துணைத்தலைவரானார். 1923இல் விட்டல் தலைமையேற்றார். இந்து அணி கோப்பையை வென்றது.

இன்று கணினி விளையாட்டுகளில் இனவெறி உண்டு எனக் குறை கூறுவோரிடம், “இது வெறும் விளையாட்டுத்தானே” என்று சொல்வோர் உளர். அந்த மண்கோப்பையும் ஆடுகளத்தின் ஓரத்தில்தான் இருந்தது. சுட்டிக் காட்டியவரைப் பகைக்காமல், தம் பிழையைத் திருத்திக்கொள்வதே நல்ல ஆட்டக்காரர்க்கு அழகு.